கடிகாரம் யார் கையில்?

2022 நவம்பர் 19-ஆம் தேதி 15-ஆவது பொதுத்தேர்தலில் வாக்களித்தோம். விரலில் இட்ட மை மங்குவதற்குள், மறுநாள் நள்ளிரவு 12 மணிக்குக் கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்து தொடங்கிவிட்டது. புத்ராஜெயாவில் யார் ஆட்சி அமைக்கப் போகிறார் என்று தெரியாத அந்த வாரத்தில், பல மாமாக் கடைகளில் ஒரு திரையில் செய்தியும் இன்னொரு திரையில் ஆட்டமும் ஓடின.

அந்தப் போட்டியின் நேரம் நமக்கு வாகாக அமைந்தது நினைவிருக்கும். முதல் சுற்றில் மாலை 6 மணி, இரவு 9 மணி, நள்ளிரவு 12 மணி, அதிகாலை 3 மணி என்று நான்கு ஆட்டங்கள். வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் தேநீர் குடிக்கும் நேரத்திலேயே முதல் ஆட்டம். டிசம்பர் 18-ஆம் தேதி அர்ஜெண்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டம் இரவு 11 மணிக்கு. பள்ளி விடுமுறை வேறு. பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து பார்த்தார்கள்.

வழக்கமாக ஜூன், ஜூலையில் நடக்கும் உலகக் கிண்ணம் அந்த ஒரு முறை மட்டும் ஏன் நவம்பர், டிசம்பருக்குப் போனது? வெயில். இரண்டே எழுத்து வித்தியாசத்தில் வெற்றி தோல்வி எழுதும் விளையாட்டுப் பக்கங்கள், பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுதின. கத்தார் முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை. வரும் ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் தொடங்கும் உலகக் கிண்ணத்திலும் வெயில்தான் பேச்சு. 2034-இல் சவூதி அரேபியாவில் நடக்கப் போவதற்கும் அதே பேச்சு.

வானொலியில் இந்த விவாதத்தைப் பல முறை நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. வெப்பமானியில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பது இந்தச் சர்ச்சையில் பாதிதான். எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் மறுபாதி. அந்தப் பாதி நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சொந்தமானது.

சூரிக்கில் விழுந்த 14 வாக்குகள்

2010 டிசம்பர் 2-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஃபிஃபாவின் செயற்குழு உறுப்பினர்கள் 22 பேர் வாக்களித்தார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, கத்தார் என்று ஐந்து நாடுகள் 2022 போட்டிக்காகக் காத்திருந்தன. நான்காவது சுற்றில் கத்தாருக்கு 14 வாக்கு, அமெரிக்காவுக்கு 8 வாக்கு.

அந்த 22 பேருக்கும் ஆய்வுக் குழுவின் அறிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது. ஜூன், ஜூலை அந்த வட்டாரத்தின் மிக வெப்பமான இரு மாதங்கள். எனவே ஆட்டக்காரர்கள், அதிகாரிகள், ஃபிஃபா குடும்பத்தார், ரசிகர்கள் ஆகியோரின் உடல்நலத்துக்கு ஆபத்து வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. தோஹாவில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அரங்குகளைக் குளிரூட்டிவிடுவோம் என்றது கத்தார். வாக்கு விழுந்தது.

2014-இல் அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டரே, கோடை வெயிலைப் பார்க்கும்போது அந்தத் தேர்வு தவறுதான் என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். 2015 மார்ச் மாதம் போட்டி குளிர்காலத்துக்கு மாற்றப்பட்டது. ஐரோப்பிய லீக் போட்டிகள் பருவத்தின் நடுவே நிறுத்தி வைக்கப்பட்டன. ஆக, கடிகாரத்தை நகர்த்த முடியும். நகர்த்த வேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தால், ஒரு மணி நேரம் என்ன, ஐந்து மாதமே நகரும்.

புக்கிட் ஜாலிலுக்குத் தெரிந்த கணக்கு

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளைகுடாவில் எந்த மாதம் காற்பந்து ஆடலாம் என்பது ஆசியாவுக்குப் புதிய கேள்வியே அல்ல. ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் இருப்பது நம் புக்கிட் ஜாலிலில். 1978 முதல் 2007 வரை அதன் பொதுச்செயலாளராக இருந்தவர் நம் நாட்டின் டத்தோ பீட்டர் வேலப்பன். 2002 முதல் 2011 வரை அதன் தலைவராக இருந்தவர் கத்தாரின் முகமது பின் ஹம்மாம்.

அந்தச் சம்மேளனம் 1988-இல் ஆசியக் கிண்ணத்தைக் கத்தாரில் நடத்தியபோது தேர்ந்தெடுத்த மாதம் டிசம்பர். 1996-இல் ஐக்கிய அரபு சிற்றரசுகளில் நடத்தியதும் டிசம்பரில்தான். 2011-இல் மீண்டும் கத்தார் என்றபோது ஜனவரி. அடுத்த ஆண்டு சவூதியில் நடக்கும் ஆசியக் கிண்ணமும் ஜனவரியில் தொடங்குகிறது. வளைகுடாவில் கோடையில் ஆடுவதில்லை என்பது ஆசியாவின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைக் கேட்டிருந்தால், பாலைவனத்தில் ஜூலையில் ஆடுவது பற்றிய பாதி வாக்குவாதம் எழுந்தே இருக்காது.

நம் ரசிகர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 2024 ஜனவரி 25, தைப்பூசம். பத்துமலையிலிருந்து வீடு திரும்பிக் கால் நீட்டி உட்கார்ந்த நேரம். அல் ஜனூப் அரங்கில் மலேசியா தென்கொரியாவோடு மோதியது. முதல் இரு ஆட்டங்களிலும் தோற்று, அடுத்த சுற்று வாய்ப்பை இழந்திருந்த நம் அணி, கூடுதல் நேரத்தின் கடைசியில் ரோமெல் மோராலெஸ் அடித்த கோலால் 3-3 என்று சமன் செய்தது. இங்கே இரவு ஏழரை; அங்கே பிற்பகல் இரண்டரை. அதே கத்தார், அதே பிற்பகல். மாதம் மட்டும் வேறு. வெயிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2007-இன் ஜூலை

நாமும் ஒரு காலத்தில் 'வெயில் நாடு' என்ற பெயரோடு பெரிய போட்டியை நடத்தியிருக்கிறோம். 2007 ஜூலையில் ஆசியக் கிண்ணத்தை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. முதல் முறையாக ஆசியக் கிண்ணத்துக்கு வந்த ஆஸ்திரேலியா, ஐரோப்பாவில் ஆடும் நட்சத்திரங்களோடு பேங்காக்கில் இறங்கியது. அந்தப் புழுக்கத்தில் திணறி, ஓமானோடு 1-1 என்று தப்பித்து, ஈராக்கிடம் 1-3 என்று தோற்றது.

அப்படியானால் வெயிலுக்குப் பழகிய நமக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டுமே? புக்கிட் ஜாலிலில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. மூன்று ஆட்டங்களில் 12 கோல் வாங்கினோம். நாம் போட்ட ஒரே கோல் இந்திரா புத்ராவுடையது. வெயில் யாருக்கும் இலவசமாகக் கோல் போட்டுத் தராது என்று அன்று தெரிந்தது. கிண்ணத்தை வென்றது, போர் காரணமாகச் சொந்த மண்ணில் ஆட முடியாமல் இருந்த ஈராக். அரையிறுதியில் அவர்கள் தென்கொரியாவைப் பினால்டியில் வென்றது நம் புக்கிட் ஜாலிலில்தான்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1997 ஜூன், ஜூலையில், உலக இளையோர் கிண்ணமும் இங்கேதான் நடந்தது. தியரி ஹென்றி, மைக்கல் ஓவன், ரிக்கெல்மே எல்லாரும் இளைஞர்களாக வந்து ஆடிப்போனார்கள். இப்போது இடிக்கப்பட்டுவிட்ட ஷா ஆலாம் அரங்கில் அர்ஜெண்டினா உருகுவேயை 2-1 என்று வென்றது. எனவே, வெப்ப நாட்டில் உலகப் போட்டி நடத்தவே கூடாது என்று யாராவது சொன்னால், நமக்குக் கோபம் வருவது நியாயம். பூமியில் பாதிப் பேர் வாழ்வது வெப்ப நாடுகளில். அவர்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்க வேண்டுமா?

டிகிரியோடு புழுக்கமும்

நம் ஊர் வெயிலுக்கும் பாலைவன வெயிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே ஊறும். கோலாலம்பூரில் 33 டிகிரியில் ஓடுகிறவர், வறண்ட ஊரில் அதைவிட அதிக வெப்பத்தில் ஓடுகிறவரைவிடச் சீக்கிரம் களைத்துப்போகலாம்.

இதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் சாதாரண வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஒரு குறியீடு இருக்கிறது. அதை 'ஈரக் குமிழ் கோள வெப்பநிலை' என்பார்கள். பெயர் பெரியதாக இருந்தாலும் அளக்கும் கருவி கையடக்கம்தான். இந்தக் குறியீட்டில் 32 என்பது, சாதாரண வெப்பமானியில் 32 என்பதைவிட மிகக் கடுமையானது.

2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் இந்த எண் 32-ஐத் தாண்டினால் தண்ணீர் இடைவேளை தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆட்டக்காரர்கள் சங்கம் வழக்குத் தொடுக்க, இடைவேளை கட்டாயம் என்று ஆணையிட்டது பிரேசிலின் தொழிலாளர் நீதிமன்றம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினாலும், வெயிலில் உழைக்கும்போது ஆட்டக்காரரும் ஒரு தொழிலாளிதான் என்று அந்த நீதிமன்றம் பார்த்தது. ஃபோர்த்தலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடிய ஆட்டத்தில் முதல் முறையாக அதிகாரப்பூர்வமாக ஆட்டம் நின்றது. எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

தொலைக்காட்சிக்காக அடித்த மணி

வெயில் நாடுகளில் ஆட்டத்தை இரவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிறகு ஏன் வைப்பதில்லை? 1970, 1986 இரண்டு உலகக் கிண்ணங்களின் இறுதியாட்டமும் மெக்சிகோ சிட்டியில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கின. உச்சி வெயில், அதோடு கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரம். காரணம், மெக்சிகோவில் நண்பகல் என்றால் ஐரோப்பாவில் மாலை. வீடு திரும்பிய மக்கள் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம். 1986-இல் மரடோனா உட்பட ஆட்டக்காரர்கள் குறை சொன்னார்கள். நேரம் மாறவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்தும் கதை அதே. இந்த ஆண்டு இறுதியாட்டம் ஜூலை 19-ஆம் தேதி நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில், கூரை இல்லாத அரங்கில், உள்ளூர் நேரம் பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு மறுநாள் விடியற்காலை 3 மணி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு மட்டும் இரவு 9 மணி. யாருடைய வசதிக்குக் கடிகாரம் திருப்பப்பட்டிருக்கிறது என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்தில், சின்சினாட்டி அரங்கில் வெயில் தாங்காமல் டோர்ட்முண்ட் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் முதல் பாதியை உடை மாற்றும் அறையில் இருந்தே பார்த்தார்கள். செல்சியின் என்சோ பெர்னாண்டஸ் ஆட்டத்தின் நடுவே தலை சுற்றியதாகச் சொன்னார். அதன் பிறகு, இந்த உலகக் கிண்ணத்தின் எல்லா ஆட்டங்களிலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு என்று ஃபிஃபா அறிவித்தது. நல்லதுதான். ஆனால் இடைவேளை கொடுத்தார்களே தவிர, பிற்பகல் 3 மணியைத் தொடவில்லை.

பட்டியலில் விடுபட்டவர்கள்

2022-இல் எங்கள் காலை நிகழ்ச்சியில் இந்த விவாதத்தை நடத்தியபோது நேயர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். "ஆசிய நாட்டுக்குக் கிடைத்தால் வெள்ளைக்காரனுக்கு வயிற்றெரிச்சல்" என்றது ஓர் அணி. "பணம் கொடுத்து வாங்கினார்கள்" என்றது இன்னோர் அணி. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். கட்டட வேலைக் குத்தகை எடுப்பவர். "தம்பி, காலையிலேர்ந்து ஆடுறவங்களப் பத்தியும் பார்க்கிறவங்களப் பத்தியுமே பேசுறீங்க. ஆடுறவன் தொண்ணூறு நிமிஷம் வெயில்ல நிக்கிறான். கட்டுனவன் எத்தன வருஷம் நின்னான்? அவனப் பத்தி யாரு பேசுறது?" என்று கேட்டார். இரண்டு அணியும் அமைதியானது.

சூரிக் வாக்கெடுப்புக்கு முன் வந்த அந்த அறிக்கையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள், அதிகாரிகள், ஃபிஃபா குடும்பத்தார், ரசிகர்கள். வெயிலால் ஆபத்து வரலாம் என்று நான்கு தரப்பை எழுதிய பட்டியலில், அரங்கையும் சாலையையும் ரயில் பாதையையும் கட்டப் போகிறவர்கள் இல்லை.

அவர்கள் யார்? நேப்பாளம், இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். அவர்களில் தமிழ்நாட்டுத் தமிழரும் இலங்கைத் தமிழரும் உண்டு. இந்த ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 2010-க்குப் பின் கத்தாரில் இறந்ததாகப் பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழ் 2021 பிப்ரவரியில் எழுதியது. இந்தியர்கள் 2,711 பேர். இலங்கையர் 557 பேர். இதை நியாயமாகப் படிக்க வேண்டும். இது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் கணக்கு. அனைவரும் அரங்கு கட்டும் இடத்தில் இறந்தவர்கள் அல்லர். அரங்கு வேலையில் நேரடியாக நேர்ந்த மரணம் மூன்றுதான் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். பிறகு 2022 நவம்பரில், ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாடி, உலகக் கிண்ணம் தொடர்பான எல்லா வேலைகளிலும் 400 முதல் 500 பேர் இறந்திருக்கலாம் என்றார்.

எண்ணிக்கையில் ஏன் இவ்வளவு இடைவெளி? பல இறப்புச் சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்', 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதி மூடிவிட்டார்கள். இருபது, முப்பது வயது இளைஞர்களுக்கு. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேப்பாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2019-இல் ஒரு இதயநோய் மருத்துவ இதழில் வந்தது. வெப்பம் ஏறும் மாதங்களில் இதய மரணங்களும் ஏறியதை அது காட்டியது. 571 இதய மரணங்களில் 200 வரை, தகுந்த வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

கத்தாரில் கோடைக்கால நண்பகல் வேலைத் தடை 2007 முதலே உண்டு. ஆனால் அது பதினொன்றரை மணி முதல் 3 மணி வரை மட்டுமே. 2021-இல்தான் தடை காலை 10 மணி முதல் மாலை மூன்றரை வரை, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை என்று நீண்டது. அதே குறியீடு 32.1-ஐத் தாண்டினால், எந்த மாதமானாலும் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. நல்ல விதி. ஆனால் தேதியைப் பாருங்கள். ஆட்டக்காரர்களுக்காகக் கடிகாரம் ஐந்து மாதம் நகர்ந்தது 2015-இல். தொழிலாளர்களுக்காக அது கூடுதலாக இரண்டு மணி நேரம் நகர்ந்தது 2021-இல். அதற்குள் அரங்குகளில் பெரும்பாலான வேலை முடிந்திருந்தது.

கிள்ளான் மறந்த கோரிக்கை

இந்தக் கதை நமக்கு ஏன் நெருக்கமாகப் படுகிறது? நம் தாத்தா பாட்டிகளும் இப்படித்தான் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளிலிருந்து வந்தது. அங்கே ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்கள் தண்டவாளச் சூட்டில் உழைத்தவர்கள்.

தோட்டத்தில் வேலை விடியுமுன் தொடங்கும். இருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கு கட்டி மரம் வெட்டப் போவார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கட்டும் என்ற இரக்கமல்ல அது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். கடிகாரத்தை வைத்திருந்தது துரை. துரைக்கு நேரம் சொன்னது மரம். பால் வெட்டியவரிடம் யாரும் கேட்கவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்தது அந்தப் போராட்டம் என்று பலருக்குத் தெரியும். அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் ஒடுக்கப்பட்டது, உயிர்கள் போயின. சம்பளத்தையும் மரியாதையையும் கேட்ட அதே மூச்சில் கிள்ளான் தொழிலாளர்கள் கடிகாரத்தையும் கேட்டார்கள். தோஹாவில் அதே கேள்வி எழ எண்பது ஆண்டுகள் ஆயின.

நம் திடலில் மணி என்ன?

இவ்வளவும் வெளியூர்க் கதை, பழங்கதை என்று விட்டுவிட முடியாது. வார இறுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க நம் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. மைக் பிடிக்க என்னைப் போன்றவர்களையும் அழைப்பார்கள். சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு போட்டியில் 12 வயதுக்குட்பட்ட 24 குழுக்கள். ஒரே திடல், ஒரே நாள். நண்பகல் தாண்டி ஒரு மணிக்கும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் அம்மா குடை பிடித்து நின்றார். மகன் கோல் காவலன். அவன் வலப்புறம் நகர்ந்தால் குடையும் வலப்புறம் நகர்ந்தது. நிழல் அவன் தலையில் விழவே இல்லை. ஆனாலும் அவர் குடையை மடக்கவில்லை.

"அண்ணே, மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கலாமே?" என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "எங்க தம்பி நிறுத்துறது? திடல் பெர்மிட் ஆறு மணியோட முடியுது. அஞ்சு மணிக்கு வி.ஐ.பி. வராரு, கிண்ணம் கொடுக்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தருபவர். அவர் கையிலும் கடிகாரம் இல்லை, அவ்வளவுதான். பிரமுகரின் கூடாரத்தில் மட்டும் காலையிலிருந்தே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பள்ளிகளுக்காவது விதி உண்டு. ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் பகல் வெப்பம் 35 டிகிரியை எட்டினால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 37-ஐத் தாண்டினால் அது வெப்ப அலை. 2016 ஏப்ரலில் பெர்லிஸ் முழுவதிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. 2023-இல் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும்படி கல்வியமைச்சு உத்தரவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் திடலுக்கு அந்த உத்தரவு வந்து சேர்வதில்லை. கட்டட வேலை இடங்களுக்கு வேலையிடப் பாதுகாப்புத் துறை 2016-இல் வெளியிட்ட வெப்ப வழிகாட்டி இருக்கிறது. கத்தாரில் உள்ளதுபோல் நண்பகல் வேலைத் தடை நம்மிடம் இல்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. போட்டியை இரண்டு காலைப் பொழுதுகளாகப் பிரிக்கலாம். ஏழரை மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்தி, மாலை நான்கரைக்கு மேல் தொடரலாம். 24 குழுக்களை 16 ஆகக் குறைக்கலாம். ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளையை விதியாகவே எழுதலாம். பிரமுகரின் கூடாரத்தைப் பிள்ளைகள் ஓய்வெடுக்கும் இடத்தில் போடலாம். திடலுக்கு அனுமதி தரும் நகராண்மைக் கழகம், 'நண்பகல் 12 முதல் 3 வரை சிறுவர் ஆட்டம் இல்லை' என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பதிவுப் பாரத்தில் கையெழுத்திடுமுன் "எங்கள் பிள்ளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் அட்டவணை மாறும்.

பிள்ளைக்குத் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அப்போதே ஆட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 999 அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சவூதியின் 2034 போட்டிக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அந்த ஆண்டு நோன்பு மாதம் நவம்பர் நடுவில் தொடங்குவதால், ஜனவரியில் நடக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. ஆட்டக்காரர்களுக்கு நல்ல மாதம் கிடைத்துவிடும். அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அதற்கு முன் எட்டுக் கோடைகள் இருக்கின்றன. அந்த எட்டிலும் அங்கே சாரம் கட்டப் போகிறவர்கள் நம் மொழி பேசுகிறவர்களாகவும் இருப்பார்கள். அவர்களுக்கு வேலை எத்தனை மணிக்கு நிற்கும் என்று இப்போதே கேட்க வேண்டும்.